கையறுநிலையும் மணற்பாவையும்

புறநானூற்றின் 243ஆம் பாட்டை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறோம். உடல் நடுங்க, இருமலுக்கு இடையே ஒன்றிரண்டாகச் சொற்கள் வெளிவர, கோலூன்றி நிற்கும் முதியவர் ஒருவர் தம் இளமையை எண்ணி இரங்கும் பாட்டு அது. பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. பாட்டுக்குள் வரும் பூண் கட்டிய கோலே பெயராக நிலைத்து, தொடித்தலை விழுத்தண்டினார் ஆகிவிட்டார். மருதமரக் கிளையிலிருந்து மடுவில் பாய்ந்து, அடிமணலை அள்ளிவந்து கரையில் நிற்போருக்குக் காட்டிய வீரம்தான் மாணவர் மனத்தில் பெரும்பாலும் தங்குகிறது. முதியவரின் நினைவோ அங்கே தொடங்கவில்லை. திண்ணிய மணலில் செய்த பாவை ஒன்றுக்குப் பறித்த பூவைச் சூட்டியதில் தொடங்குகிறது. கோலூன்றும் கைக்கு முதலில் நினைவு வருவது ஒரு பொம்மை.

இப்பாட்டின் திணை பொதுவியல், துறை கையறுநிலை. கையறுதலுக்குச் 'செயலற்று வருந்துதல்' என்று பொருள் எழுதிப் போட்டுத் தேர்வுக்கு ஆயத்தம் செய்துவிடுகிறோம். அச்சொல்லைக் கை என்றும் அறுதல் என்றும் பிரித்துப் பார்க்கத் தோன்றியது வகுப்பறையில் அன்று. தாம்பரத்தை அடுத்த முதியோர் இல்லம் ஒன்றின் கூடத்தில். இலக்கணம் நம் பிரிப்பை முழுதும் ஒப்புமா என்பது வேறு கேள்வி. நண்பர்கள் பொறுத்தருள்க.

2018ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள். ஐக்கிய நாடுகள் அவை 1990இல் அறிவித்து, 1991 முதல் கடைப்பிடிக்கப்பட்டு வரும் உலக முதியோர் நாள். அருகிலிருந்த பள்ளியொன்றின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அவ்வில்லத்துக்கு அழைத்துச் செல்லும் ஏற்பாட்டில் நாமும் சேர்ந்திருந்தோம். பிள்ளைகள் கையால் வாழ்த்து அட்டைகள் செய்து வந்திருந்தனர். சூரியகாந்திப் பூ, ஜிகினாத் தூள், 'ஐ லவ் யூ தாத்தா'. ஓர் அட்டை, ஒரு பிஸ்கட் பொட்டலம், ஒரு நிழற்படம். இருபது நிமிடத்தில் நிகழ்ச்சி முடிந்தது. பாட்டிமார் எல்லா அட்டைகளையும் பார்த்து "நல்லாருக்கு கண்ணு, நல்லாருக்கு" என்றார்கள். எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னார்கள். தொழத்தக்க பொறுமை அது; வேறொன்றும் இல்லை.

திரும்பும்போது, கடைசிக் கட்டிலில் இருந்த அம்மையார் ஒருவர் அட்டையை நம்மிடமே நீட்டினார். "வச்சுக்க எடமில்லப்பா. கொழந்தை கஷ்டப்பட்டு செஞ்சிருக்கு. அதுகிட்டயே குடுத்துடு." குறையாகச் சொல்லவில்லை. கட்டிலும் ஒரு தகரப் பெட்டியும் மட்டுமே இருக்கும் வாழ்க்கையில் வாழ்த்து அட்டையும் இடத்தை அடைக்கும் பொருள்தான் என்பது அன்றுதான் விளங்கிற்று. அவர் கைகளைப் பார்த்தோம். மடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அக்கூடத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர். பெரும்பாலும் எல்லாக் கைகளும் அப்படியே கிடந்தன. சமைத்த, நட்ட, துவைத்த, தொடுத்த, பிள்ளை தூக்கிய கைகள். இல்லத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. வேளைக்குச் சோறு வந்துவிடுகிறது. துணியை வேறொருவர் துவைத்துவிடுகிறார். கையறுநிலை என்ற சொல் அங்கே நம்மைப் பிடித்துக்கொண்டது.

இந்த நிலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதுவும் நம் தென்சென்னைப் புறநகரில் நெருக்கமாகவே இருக்கிறது.

முதுமைக்கென்று தனிக் கட்டடம் எழுப்பும் வழக்கம் சென்னைக்குப் பழையதன்று. 1782இல் போரும் பஞ்சமுமாக மக்கள் ஊரைவிட்டு ஊர் அலைந்த காலத்தில், வடசென்னையில் கஞ்சி ஊற்ற எழுந்த மணியக்காரர் சத்திரம் முதியவர், குழந்தை, நோயாளி என்று பிரித்துப் பார்க்கவில்லை. பசித்தவர் எல்லோரும் ஒரே தொட்டியைச் சுற்றி நின்றனர். 'கஞ்சித் தொட்டி' என்றே அதற்குப் பெயர். அங்கே மருத்துவமனை வளர்ந்து பின்னர் ஸ்டான்லி ஆனது தனிக்கதை. நம் கதைக்கு வேண்டியது ஒன்றே. வயதை வைத்து ஆதரவற்றோரைக் கூறுபோடுவது இருபதாம் நூற்றாண்டின் நிருவாகப் பழக்கம்.

அந்நூற்றாண்டிலும் ஒரு பெயர் அக்கூறுபாட்டைக் கடந்து நின்றது. தேவதாசி முறையிலிருந்து மீள விரும்பிய சிறுமியருக்குத் தங்க இடம் கிடைக்காதபோது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் தம் முயற்சியால் ஓர் இல்லம் தொடங்கினார். பின்னர் அது அடையாற்றில் நிலைகொண்டது. சிறுமியர் இல்லத்துக்கு அவர் வைத்த பெயர் ஔவை. தமிழ் நினைவில் என்றும் கிழவியாகவே இருப்பவள். சிறுவருக்கென்று ஆத்திசூடி சொன்னவள். குழந்தைகளின் வீட்டுக்கு ஒரு பாட்டியின் பெயரை வைக்கத் தோன்றிய மனத்தை நாம் வியக்கிறோம். ஆயினும் பெயர்ப்பலகையில் கூடிய இருவரும் கட்டடங்களில் கூடவில்லை. குழந்தைக்கு ஓர் இல்லம், முதியவருக்கு வேறோர் இல்லம் என்றே காரியங்கள் நடந்தன.

1978ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. சாவித்திரி வைத்தியும் 'மண்டே சாரிட்டி கிளப்' தோழியரும் ஆதரவற்ற முதிய பெண்களுக்கென்று விச்ராந்தி இல்லத்தை அவ்வாண்டில் தொடங்கினர். கட்டணம் இல்லை, சாதி கேட்பதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பாலவாக்கம் என்றால் பலருக்கு இன்றும் நினைவுக்கு வருவது அவ்வில்லமே. அதே 1978இல்தான் ஹெல்ப்பேஜ் இந்தியா டெல்லியில் முறையாக அமைந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதன் வித்து விழுந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் நடைப்பயணம் போய் முதியோருக்காக நிதி திரட்டினர். இது நல்ல காரியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு வார்ப்பும் அன்றே அமைந்துவிட்டது என்று எண்ணுகிறோம். பிள்ளை கொடுப்பவர், முதியவர் பெறுபவர். நாம் அக்டோபர் முதல் நாள் தூக்கிக்கொண்டு போன பிஸ்கட் பொட்டலம் அந்த வார்ப்பிலிருந்து வந்ததே.

தெற்குப் புறநகருக்கு முதியோர் இல்லங்கள் பெருகி வந்த காரணத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியது. வேலைக்கு நகரமும் வீட்டுக்குப் புறநகரும் என்ற வாழ்வு அந்தத் தண்டவாளத்தின் மேல் வளர்ந்தது. குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் மனை வாங்கிக் கிணறு வெட்டிக் குடியேறிய தலைமுறையின் பிள்ளைகள் பின்னர் பழைய மகாபலிபுரம் சாலைக்கும், அங்கிருந்து கடல் கடந்தும் போனார்கள். கிணறு மூடி, வீடு இடித்து, அடுக்ககம் எழுந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அறுபது வயதைக் கடந்தோர் இந்திய அளவில் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர். வசதி உள்ளோருக்கு வைப்புத்தொகை கட்டும் இல்லங்கள், இல்லாதோருக்கு அறக்கட்டளை இல்லங்கள். இரண்டும் வண்டலூர், கூடுவாஞ்சேரி, கேளம்பாக்கம் என்று மனை விலை குறைந்த திசையிலேயே நகர்ந்தன.

இனிக் கைக்கு வருவோம். கையால் செய்த பொருளுக்கு இப்பகுதி ஒரு விதத்தில் இந்தியாவின் தாய்வீடு. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடாரிதான் இந்நாட்டில் பழங்கற்காலக் கருவி என்று முதன்முதலில் அறியப்பட்டது. அதைச் செதுக்கியவனுக்குச் செதுக்கக் கற்றுத்தந்தது யார் என்று எந்த அருங்காட்சியகமும் சொல்வதில்லை. பல் விழுந்த ஒரு கிழவனாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது நம் கற்பனை.

குழந்தையின் கையே அதன் அறிவின் கருவி என்று உலகுக்குச் சொன்ன மரியா மாண்டிசோரி அடையாற்றுக்கு வந்தது 1939 நவம்பரில். பிரம்மஞான சபையின் அழைப்பில் வந்தபோது அவருக்கு 69 வயது. அடையாற்றில் அவர் நடத்திய முதல் பயிற்சிக்கு ஏறத்தாழ 300 பேர் கூடினர். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் அவர் பகைநாட்டவர் ஆனார். மகன் மரியோ காவலில் வைக்கப்பட்டார். தாயின் எழுபதாம் பிறந்தநாளை ஒட்டி ஆங்கில அரசு மகனை விடுவித்தது. சில மாதங்களுக்கென்று வந்தவர் 1946 வரை இந்நாட்டில் இருக்க நேர்ந்தது. மணி கோக்கவும், பொத்தான் போடவும், நீர் ஊற்றவும் குழந்தைகளை விட்டுவிட்டு விலகி நின்று பார்க்கச் சொன்ன கிழவி அவர். முதுமையின் கையும் அத்தகைய வேலை கேட்கும் என்று அன்று எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

காந்தியடிகள் அதற்கு அருகில் வந்தார். 1937 அக்டோபரில் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வியில் கைத்தொழிலே பாடத்தின் நடு. 1945இல் சேவாகிராமத்தில் கூடியபோது அக்கல்வியைச் சிறுவருக்கு மட்டும் என்று வைக்காமல் பிறப்பிலிருந்து இறப்பு வரைக்கும் விரித்தார். நம் பெற்றோர் தலைமுறையினர் பலர் பள்ளியில் தக்ளி சுழற்றியது இவ்வழி வந்ததே. கட்டிலில் மடிமேல் கிடந்த அந்தக் கைகளில் சில, தக்ளியில் நூல் அறுந்ததற்காகத் தலையில் குட்டு வாங்கியவையாக இருக்கலாம்.

ஆதாரக் கல்வியை இவ்வளவு அன்போடு பேசிவிட்டு 1953ஐத் தாண்டிப் போக முடியாது. தமிழ்நாட்டில் 'பெரியவரிடம் பிள்ளை கைவேலை கற்கட்டும்' என்று வாய் திறக்கும் எவரும் இவ்விடத்தில் நின்று பதில் சொல்லியாக வேண்டும். அவ்வாண்டு முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், கிராமப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு. மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பார்த்துக் கற்கலாம். பள்ளி போதாத நாட்டில் ஒரே கட்டடத்தில் இருமடங்குப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது திட்டத்தின் கணக்கு. நாட்டுக்குக் கேட்டதோ வேறு. செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைக்கவும், சலவை செய்பவர் மகன் வெளுக்கவும் அரசே நேரம் ஒதுக்குகிறது என்று கேட்டது. 'குலக்கல்வித் திட்டம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் தெருவில் இறங்கினர். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சர் ஆனார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

சங்கப் புலவர் ஔவை, வாயிற்காவலனிடம் சினந்து பேசும் புறநானூற்றுப் பாட்டில் (206), தச்சனின் கைத்திறம் வாய்ந்த சிறுவருக்குக் காடெல்லாம் பிழைப்பிடம் என்ற பொருள்பட உவமை சொல்கிறார். கைத்தொழில் எங்கும் சோறிடும் என்ற பெருமிதம் அது. அந்தச் சிறுவன் தச்சனாகாமல் புலவனாக விரும்பினால் என்ன செய்வது என்ற கேள்வி அப்பாட்டில் இல்லை. 1953இல் அக்கேள்வியைக் கேட்டார்கள். கேட்டது சரிதான் என்பதே நம் தீர்ப்பு.

அப்படியானால் முதியோர் இல்லத்தில் பிள்ளைகளுக்கு ஓலை முடையக் கற்றுத்தருவது அதே பழைய காரியத்தின் மெல்லிய வடிவமா? இக்கேள்வி நம்மைப் பல நாள் வருத்தியது. விடை ஒருவாறு கிட்டியதற்கு அந்தக் கடைசிக் கட்டில் அம்மையாருக்கே நன்றி சொல்ல வேண்டும்.

அட்டையைத் திருப்பித் தந்த அவரைப் பார்க்க அடுத்த மாதம் நான்கு பிள்ளைகளுடன் மட்டும் போனோம். தோட்டத்தில் வெட்டிப் போட்டிருந்த பச்சைத் தென்னங்கீற்றைப் பார்த்துவிட்டு, "அதுல ரெண்டு இணுக்கு கொண்டா" என்றார் அவர். கொண்டுபோய்த் தந்தோம். ஈர்க்கைக் கிழித்தெறிந்து, இரண்டு ஓலையை மாற்றி மாற்றி மடக்கி, கண்ணெதிரே ஒரு கிளியைச் செய்தார். பிறகு ஒரு கிலுகிலுப்பை. உள்ளே போட இரண்டு சிறு கல். பிள்ளைகள் செல்பேசியை மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டனர். ஒரு சிறுமி செய்த கிளிக்கு வால் பிரிந்துபோயிற்று. "ம்ஹூம். அவுத்துடு. மொதல்லேருந்து" என்றார். அன்று அவர் ஒருமுறையும் 'நல்லாருக்கு கண்ணு' என்று சொல்லவில்லை என்பதை வெளியே வந்த பிறகே உணர்ந்தோம்.

அந்தச் சிறுமியின் தந்தை துரைப்பாக்கத்தில் ஒரு நிறுவனத்தின் காவலாளி. அம்மையார் எந்த ஊர், எந்தக் குலம் என்று அவளுக்குத் தெரியாது. அவள் யார் வீட்டுப் பிள்ளை என்று அம்மையாரும் கேட்கவில்லை. 1953க்கும் அந்தப் பிற்பகலுக்கும் இடையே உள்ள வேறுபாடு இதுதான் என்று நாம் கருதுகிறோம். அங்கே மகன் தந்தையிடம் கற்றான்; அவன் பிழைப்பு அத்துடன் முடிவு செய்யப்பட்டது. இங்கே யாரோ ஒரு பிள்ளை யாரோ ஒரு கிழவியிடம் கற்கிறது. பிழைப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. குடும்பம் கைவிட்ட இடத்தில்தான் கைவேலை குலத்திலிருந்து கழன்றது என்பது கசப்பான உண்மை.

முதியோர் இல்லத்தில் சாதி நுழைவதில்லை என்று சொல்ல வரவில்லை. தட்டைத் தனியே வைத்துக்கொள்வோரும், சமைப்பவர் யாரென்று விசாரிப்போரும் அங்கேயும் உண்டு; கண்டிருக்கிறோம். நாம் சொல்வது கைவேலை ஒன்றைப் பற்றி மட்டும்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. செட்டிநாட்டு ஆச்சிமார் சாயம் ஏற்றிய பனையோலையில் பின்னிய கொட்டான்கள், திருமணச் சீருக்கும் வரிசைக்கும் வீட்டுக்குள்ளேயே செய்யப்பட்டவை. அக்கலை முதிய பெண்கள் சிலரோடு மறையும் தறுவாயில் இருந்தபோது, விசாலாட்சி ராமசுவாமியின் முன்னெடுப்பில் எம்.ஆர்.எம். அறக்கட்டளை 2000க்குப் பின் அதை மீட்டது. கற்றுக்கொண்டவர்கள் ஆச்சிமாரின் பேத்திகள் அல்லர். சுற்றுவட்டக் கிராமத்துப் பெண்கள். பேத்திகளுக்கு வேண்டாததாகிவிட்ட ஒன்றை வேற்றார் கைகளே காப்பாற்றின. கொட்டான் பின்னுவது இன்று அப்பெண்களுக்கு வருமானம். பிள்ளைகளின் கிளி வருமானம் அன்று, அவ்வேறுபாட்டை மறக்கலாகாது. 1996இல் முட்டுக்காட்டில் தொடங்கிய தட்சிணசித்ராவில் குயவர் சக்கரத்தின் முன் வரிசையில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கும்போதும் இந்த எண்ணமே எழும். அங்கு களிமண்ணைத் தொடும் பிள்ளைக்குக் குயவராக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவேதான் அது தயங்காமல் தொடுகிறது.

முதியவரையும் குழந்தையையும் ஒரே கூரையின்கீழ் வைக்கும் எண்ணம் அரசுக்கும் வராமல் இல்லை. 2010களின் தொடக்க ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு, முதியோருக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்குமான ஒருங்கிணைந்த வளாகங்களை அறிவித்தது. ஒரு வளாகத்தில் 25 முதியோர், 25 குழந்தைகள். இவர்களுக்கு அவர்கள் தாத்தா பாட்டி, அவர்களுக்கு இவர்கள் பேரப்பிள்ளைகள் என்பது நோக்கம். மணியக்காரர் சத்திரத்தின் பிரிக்காத பந்தி இரண்டு நூற்றாண்டுக்குப் பின் ஆணையாகத் திரும்பியது என்றுகூடச் சொல்லலாம். ஜப்பானில் தோக்கியோவின் எதொகாவாப் பகுதியிலுள்ள கோதோயென் இல்லத்தில் 1976 முதலும், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மவுண்ட் செயின்ட் வின்சென்ட் முதியோர் இல்லத்தில் 1991 முதலும் மழலையர் பள்ளியும் முதியோர் வாழ்வும் ஒன்றாக இயங்கியதை அறிந்தோர் நம் அரசின் எண்ணத்தை வரவேற்கவே செய்வர்.

நம் ஐயம் உறவுப்பெயரைப் பற்றியது. 'பாட்டி' என்று கூப்பிடச் சொன்னால் பிள்ளை கூப்பிட்டுவிடும். நம் மொழியில் பேருந்தில் பக்கத்தில் உட்காருபவரும் பாட்டிதான். அந்தச் சொல்லுக்குள் பொருள் ஏற, இருவருக்கும் நடுவில் செய்வதற்கு ஏதாவது கிடக்க வேண்டும். வீட்டில் அது தானாகக் கிடந்தது. நவராத்திரியில் கொலுவுக்குக் கீழே மணலைப் பரப்பிக் கேழ்வரகு முளைக்க வைத்துப் பூங்கா கட்டுவது சில வீடுகளில். மார்கழியில் புள்ளி வைக்கப் பழக்குவது பல வீடுகளில். பிளாஸ்டிக் ஒயரில் கூடை பின்னுவது எண்பதுகளில் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும். யாரும் அதற்குத் 'தலைமுறை இணைப்பு' என்று பெயரிடவில்லை. நேரம் போகவில்லை, செய்தார்கள். பிள்ளை தொந்தரவு செய்தது, அதன் கையிலும் கொஞ்சம் ஒயரைத் திணித்தார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து இல்லங்களின் வாயில் மூடியது. பிள்ளைகள் ஓலைக்கு மாற்றாக நிறத்தாளில் செய்து அனுப்பியவற்றைக்கூட மூன்று நாள் தனியே வைத்திருந்து பிறகே உள்ளே கொடுத்தார்கள். மீண்டும் உள்ளே நுழைய முடிந்தபோது கடைசிக் கட்டிலில் வேறொருவர் இருந்தார். நாம் கேட்கவில்லை. பிள்ளைகளில் ஒருவன் கேட்டுவிட்டான். பணியாளர் பெண்மணி அவன் தலையைத் தடவியதே பதிலாயிற்று.

அதன்பின் அங்கே சந்தித்த பெரியவரைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. எண்பதை நெருங்கியவர். குன்றத்தூர்ப் பக்கம் நெசவாளர் குடும்பம். குன்றத்தூரும் அனகாபுத்தூரும் தறியால் அறியப்பட்ட ஊர்கள். அனகாபுத்தூர்த் துணி ஒருகாலத்தில் நைஜீரியா வரை போயிற்று, அந்தச் சந்தை அடைபட்டதும் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அங்கே வாழைநாரில் சேலை நெய்யும் முயற்சி பின்னாளில் எழுந்ததும் பலர் அறிந்ததே. இத்தனையும் மனத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு நெசவைக் கொஞ்சம் காட்டித்தர முடியுமா என்று அவரிடம் கேட்டோம். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நெடுநேரம் கழித்துச் சொன்னார்.

"ரெண்டாங் கிளாஸ் படிக்கிறப்ப ஒருவேள பள்ளிக்கூடம், ஒருவேள தறின்னு ஆச்சு. மத்தியானம் வந்து தார் சுத்துவேன். அடுத்த வருசம் பள்ளிக்கூடம் பழையபடி முழுநாள் ஆயிடிச்சி. எங்கப்பா என்னைத் திருப்பி அனுப்பல. பழகிட்டாரு. என் புள்ளைக்கு நான் நாடாவைத் தொட உடல. பேரனுக்கும் காட்டல. இப்ப இதுங்களுக்குக் காட்டச் சொல்றியா, வாத்யாரே?"

குலக்கல்வித் திட்டம் ஓராண்டில் செத்துவிட்டது என்று நாம் நூல்களில் படித்திருக்கிறோம். வகுப்பில் சொல்லியும் இருக்கிறோம். அன்று வாயடைத்துத் திரும்பினோம். அடுத்தமுறை அதைப் பற்றிப் பேசவே இல்லை.

பிள்ளைகள்தாம் நாம் அறியாமல் வேறு ஏற்பாடு செய்திருந்தனர். யாரோ இணையத்தில் பார்த்து, தடித்த அட்டையின் இரு முனைகளிலும் பல் வெட்டி, அதில் நூல் சுற்றி, குறுக்கே உல்லன் நூலை ஓட்டி ஒரு குட்டித் துணி நெய்துகொண்டிருந்தார்கள். பெரியவரின் கட்டிலுக்கு எதிரில், தரையில். அவர் இரண்டு வாரம் அதைப் பார்க்காததுபோல் படுத்திருந்தார். மூன்றாம் வாரம் எழுந்து உட்கார்ந்தார். பதினொரு வயதுப் பெண் ஒருத்தி, பாவு தளர்ந்து தொங்குவது தெரியாமல் ஊடையை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா இது, தொட்டில் மாதிரி தொங்குது? இழுத்துக் கட்டணும்." கையை நீட்டினார். அவள் அட்டையைக் கொடுத்தாள். நடுங்கும் விரலால் ஒவ்வோர் இழையாகச் சுண்டிப் பார்த்தார், ஐந்தாவதும் எட்டாவதும் தளர்வு என்றார், முடிச்சை அவிழ்த்தார்.

"இத எங்க கத்துக்கிட்டே?"

"யூடியூப்ல தாத்தா."

"அவனுக்கும் தெரியல" என்றார் பெரியவர், முடிச்சைப் பல்லில் கடித்து இறுக்கியபடியே.